ஒரு நிமிடச் சதுரங்கம்

சதுரங்கம் பொறுமைக்குரிய ஆட்டம் என்று கொள்வோர் பலர். பலகையின் இருபுறத்தும் இருவர் கன்னத்திற் கைவைத்து வீற்றிருக்க, ஒரு நகர்வுக்கு அரைமணி நேரம் கழிவதே அதன் இயல்பு என்பது பொதுமக்கள் மனத்திற் பதிந்த சித்திரமாகும். இற்றைநாளில் இணையத்தின் வழியே ஆடப்படும் ஆட்டங்களுட் பலவோ, முழு ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரே நிமிடம் என்னும் வரையறையோடு தொடங்கி, இரண்டு நிமிடம் நிறையுமுன் முடிந்துவிடுகின்றன. ஒரு நிமிடமாவது நம் முன்னோர் கணக்கில் இரண்டரை விநாழிகை. அதற்குள் நாற்பது ஐம்பது நகர்வுகளை ஆடிமுடித்தல் வேண்டும். துப்பாக்கிச் சன்னத்தின் விரைவு நோக்கி இதனைப் 'புல்லட்' ஆட்டம் என வழங்குவர். இளைஞர் பலர் இதனில் இரவைக் கழிக்கின்றனர் என்று பெற்றோர் முறையிடுவதும், இதனால் மூளை கூர்மையடைகின்றது என்று இளைஞர் மறுமொழி கூறுவதும் இப்பொழுது வழக்கமாகிவிட்டன. இருசாரார் கூற்றிலும் எத்துணை உண்மை உண்டென்று துணிவதற்கு, இவ்விரைவு எங்கிருந்து வந்தது, எவ்வாறு கைகூடுகின்றது என்பவற்றை முதற்கண் அறிதல் நலம்.

சதுரங்கத்தினுட் கடிகாரம் புகுந்தது மிகப் பழைய செய்தியன்று. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நிகழ்ந்த முதலாவது சர்வதேசப் போட்டியிற் கடிகாரமே இல்லை. எலைஜா வில்லியம்ஸ் என்னும் ஆட்டக்காரர் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்துக்கொண்ட நீண்ட நேரத்தினால் எதிராளிகள் சலிப்புற்றனர். அப்போட்டியை முன்னின்று நடத்தியவரும் அவரிடம் தோற்றவருமாகிய ஹவார்ட் ஸ்டோன்டன் இதுபற்றிக் கடுமையாக முறையிட்டார். தோற்றவர் கூறும் முறைப்பாட்டைச் சற்றுக் குறைத்தே மதித்தல் வேண்டுமாயினும், வரையறையின்மையே குறை என்பது பலர்க்கும் புலனாயிற்று. பத்தாண்டு கழித்து, 1861இல் அன்டர்சென், கோலிஷ் என்னும் இருவர் பொருதபொழுது மணல் வட்டில்கள் வைக்கப்பட்டன. 1867இற் பாரிஸ் நகர்ப் போட்டியில் நேரம் கடந்தவர்க்கு அபராதப் பணம் விதிக்கப்பட்டது. பணமுள்ளவன் நேரத்தை விலைக்கு வாங்கலாம் என்ற நிலை விளையாட்டறத்துக்குப் பொருந்தாமை வெளிப்படை.

1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் மஞ்செஸ்டர் நகரத்துத் தோமஸ் பிரைட் வில்சன் அமைத்த இரட்டைக் கடிகாரம் பயன்பட்டது. சிறுவர் ஏறியாடும் ஏற்றப்பலகை போன்ற ஒரு சட்டத்தின் இருமுனையிலும் இரு கடிகாரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. ஒருவர் தம் பக்கத்தைச் சாய்த்தால் அவர் கடிகாரம் நிற்கும். மற்றையவரது ஓடத் தொடங்கும். கருத்து மிக எளிது. இன்றைக்குக் கைப்பேசித் திரையில் ஓடும் இலக்கங்களும் இக்கருத்தின் வழிவந்தனவே. பின்னர் கடிகார முகத்திற் சிறு கொடியொன்று சேர்க்கப்பட்டது. நிமிடமுள் உயரும்பொழுது அதனை மெல்லத் தூக்கும். நேரம் நிறைந்த கணத்திற் கொடி வீழும். வழக்குக்கு இடமின்றி நேரமுடிவைக் காட்டிய இக்கருவி இல்லாதிருப்பின், ஐந்து நிமிட ஆட்டம் என்பது ஓயாச் சச்சரவாகவே முடிந்திருக்கும். ஆட்டக்காரர் இன்றும் நேரத்தால் தோற்றவனைக் 'கொடி வீழ்ந்தவன்' என்றே சொல்லுவர். கொடியோ மறைந்து நெடுநாளாயிற்று.

ஐந்து நிமிட ஆட்டம் 'பிளிட்ஸ்' எனப்படும். ஜேர்மன் மொழியில் அதற்கு மின்னல் என்பது பொருள். கழகங்களிலும் போட்டி மண்டபங்களின் பின்புறத்திலும் பொழுதுபோக்காக இருந்த இதற்கு ஒரு பெருமை ஏற்பட்டது 1970ஆம் ஆண்டிலாகும். யூகோஸ்லாவியாவில் அந்நாள் அடங்கியிருந்த ஹெர்செக் நோவி என்னும் கடற்கரைப் பட்டினத்தில், உலகின் தலைசிறந்தோர் பன்னிருவர் ஐந்து நிமிட ஆட்டத்திற் பொருதினர். ஒவ்வொருவரும் ஏனையோருடன் இருமுறை, ஆக 22 ஆட்டங்கள். அமெரிக்கராகிய பொபி பிஷர் 17 வெற்றி, 4 சமநிலை, ஒரே தோல்வியுடன் 19 புள்ளிகள் பெற்றார். இரண்டாமவர் முன்னாள் உலக வீரர் மிகையில் தால். அவர் பெற்றது பதினான்கரை. விரைவாட்டத்தில் வல்லுநர் என முன்னமே பெயர்பெற்ற சோவியத்து வீரர் பலர் அவையிலிருந்தனர் என்பதை நினைக்குமிடத்து, நாலரைப் புள்ளி இடைவெளி வியப்பூட்டுவதேயாம். இரண்டாண்டின் பின் அவர் நீண்ட ஆட்டத்திலும் உலகப் பட்டம் எய்தினார்.

விரைவாட்டத்தின் வரலாற்றிற் பிஷருக்கு இன்னுமோர் இடமுண்டு. வெல்லும் நிலையிலிருந்தும் ஓரிரு விநாடி போதாமையாற் கொடி வீழ்ந்து தோற்பது முறையன்று என்று அவர் கருதினார். ஒவ்வொரு நகர்வை முடித்தவுடனும் சில விநாடிகள் ஆட்டக்காரனுக்கு மீளச் சேருமாறு ஒரு கடிகாரத்தை வகுத்து, 1988இல் விண்ணப்பித்து, 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1992இல் ஸ்பாஸ்கியோடு அவர் மீண்டும் ஆடிய போட்டியில் அக்கடிகாரமே வைக்கப்பட்டது. இக்கூட்டுநேரம் இப்பொழுது எங்கும் பரவிவிட்டது. 'மூன்றும் இரண்டும்' என்றால் மூன்று நிமிடத்தோடு நகர்வுக்கு இரண்டு விநாடி என்பது பொருள். உலக மின்னலாட்டப் போட்டி இவ்வளவையிலேயே நடைபெறுகின்றது.

இணையத்திற் சதுரங்கம் 1992ஆம் ஆண்டு தை மாதத்தில் இயங்கத் தொடங்கிய சேவையகத்தோடு நிலைபெற்றது எனலாம். அதன் வழிவந்தனவாக 1995இல் கட்டணம் பெறும் கழகமொன்றும், அதனை ஏற்காதோர் அமைத்த இலவசக் களமொன்றும் தோன்றின. செஸ்.கொம் தளம் 2007இலும், பிரான்சியராகிய திபோ டுப்ளெசி தொடங்கிய லிசெஸ் தளம் 2010இலும் வந்தன. பின்னையது இன்றளவும் விளம்பரமோ கட்டணமோ இன்றி நன்கொடையால் நடைபெறுகின்றது. ஆட்டங்களை வகைப்படுத்த லிசெஸ் ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றது. தொடக்க நேரத்தோடு கூட்டுநேரத்தின் நாற்பது மடங்கைக் கூட்டுக. மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் அது புல்லட். ஒரு நிமிடமும் ஒரு விநாடியும் என்னும் ஆட்டம், 60உம் 40உம் சேர 100 விநாடி, ஆகவே புல்லட்டே. அரை நிமிடத்துக்கும் குறைந்ததற்கு 'அல்ட்ரா புல்லட்' என்று பெயர். அஃது ஆளுக்குப் பதினைந்து விநாடியில் நிகழ்வது. அதனை ஆட்டம் என்பதா, விரற்பயிற்சி என்பதா என்பது ஐயத்துக்கிடமானது.

இனி, ஒரு நிமிடத்தில் மனிதனால் ஐம்பது நகர்வுகளைச் சிந்தித்தாட இயலுமா? இயலாது என்பதே விடை. கண்ணாற் கண்ட ஒன்றுக்குக் கை துலங்குவதற்கே ஏறத்தாழ ஐந்திலொரு விநாடி செல்லும். எஞ்சிய ஒரு விநாடியில் 'அவன் இங்கு வந்தால் யான் அங்குச் செல்வேன்' என்னும் கணக்குக்கு இடமில்லை. ஆகவே விரைவாட்டக்காரன் சிந்திப்பதில்லை, காண்கின்றான். இவ்வேறுபாடு உளவியலாரால் ஆராயப்பட்டதொன்று. ஒல்லாந்தராகிய அட்ரியான் டி குரூட் 1946இல் வெளியிட்ட நூலில், தலைசிறந்த வீரர்கள் ஏனையோரினும் மிகுந்த ஆழத்துக்குக் கணிப்பவர்கள் அல்லர் என்றும், நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே படுகின்றது என்றும் காட்டினார். 1973இல் சேஸ், சைமன் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை மேலும் தெளிவுபடுத்தினர். மெய்யான ஆட்டமொன்றிலிருந்து எடுத்த நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தபின், வல்லுநர் பதினாறளவான காய்களைத் தம்மிடத்திலே திரும்ப வைத்தார். கற்றுக்குட்டி நாலளவே வைத்தார். அதே காய்களை ஒழுங்கின்றிச் சிதறி வைத்துக் காட்டியபொழுதோ அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. வல்லுநர்க்கு இருந்தது பொதுவான நினைவாற்றல் அன்று. காய்களின் சேர்க்கைகளைச் சொற்களைப்போல் வாசிக்கும் பழக்கமே அது என்க.

அரிச்சுவடி கற்கும் பிள்ளை 'ப', 'ல்', 'க', 'லை' என்று எழுத்தெழுத்தாகக் கூட்டுகின்றது. வளர்ந்தவன் 'பலகை', 'பல்கலை' என்னும் இரண்டையும் ஒரே நோக்கில் வேறுபிரித்தறிகின்றான். அவன் விரைந்து வாசிக்க முயல்வதில்லை; வாசிப்பு அவனுக்கு விரைந்துவிட்டது. விரைவாட்டத்திலும் விரைவு இவ்வாறே வருவது. இதனை உணராது கையை மட்டும் விரைவுபடுத்த முனைபவர் தவறுகளை விரைவுபடுத்துவதோடு நின்றுவிடுகின்றனர். நம் நாட்டு அவதானக் கலையிற் சதுரங்கம் ஆடுதலும் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டதுண்டு என்பதை இவ்விடத்து நினைவுகூரலாம். வெண்பா பாடிக்கொண்டும், மணியொலி எண்ணிக்கொண்டும் அவதானி காயையும் நகர்த்துவார். அவரும் ஒவ்வொன்றையும் தனித்தனி ஆராய்ந்திருப்பாரென எண்ணுதல் அரிது.

ஆயினும் கைவினையாகிய பகுதி இல்லையென்று சொல்லவும் முடியாது. கணினியிற் காயை நகர்த்த இருவழியுண்டு. சுட்டியாற் காயைப் பற்றி இழுத்துச் சென்று விடுதல் ஒன்று; காயை ஒருமுறை, சேரவேண்டிய கட்டத்தை ஒருமுறை எனத் தொடுதல் மற்றொன்று. எது சிறந்ததென்று ஆட்டக்காரரிடையே முடியாத வாதமுண்டு. எதுவாயினும் ஒன்றைப் பற்றிக்கொண்டு விடாதிருப்பதே பயன்தரும். பலகையின் உருவைத் திரையிற் சிறிதாக்கிக்கொண்டாற் சுட்டி செல்லவேண்டிய தூரம் குறையும். எதிராளி எண்ணிக்கொண்டிருக்கும்பொழுதே அடுத்து நகர்த்தக்கூடிய காயின்மேற் சுட்டியைக் கொண்டு நிறுத்தலாம். காலாள் எட்டாம் வரிசை அடைந்ததும் வேறு வினாவின்றி அரசியாகும்படி முன்கூட்டியே அமைத்துவைக்கலாம். இவையெல்லாம் அற்ப விடயங்கள் போலத் தோன்றும். நகர்வுக்குப் பத்திலொரு விநாடி மிச்சமானால் ஐம்பது நகர்வுக்கு ஐந்து விநாடி. ஒரு நிமிட ஆட்டத்தின் முடிவில் ஐந்து விநாடி என்பது பெருஞ்செல்வம்.

இவற்றினும் பெரியது 'பிரீமூவ்' எனப்படும் முன்னகர்வாகும். மரப்பலகையில் இதற்கு ஒப்பானது எதுவும் இல்லை. எதிராளியின் முறையிலேயே நம் அடுத்த நகர்வைப் பதிவு செய்துவைக்க, அவர் ஆடிய மறுகணத்தில் அது தானாக நிகழும். விதிக்கு மாறான நகர்வாக அது முடியுமாயின் கழிக்கப்படும். லிசெஸ் தளத்தில் இதற்குச் செலவாகும் நேரம் பூச்சியம். ஒரு நேரத்தில் ஒரு முன்னகர்வு மட்டுமே இடலாம். செஸ்.கொம் தளத்திற் பத்திலொரு விநாடி கழியும். ஆயின் பல நகர்வுகளை வரிசையாக இட்டுவைக்கலாம். எதிராளி நம் காயை வெட்டினால் நாமும் திரும்ப வெட்டுவது தவிர வேறு வழியில்லாத இடங்களில் முன்னகர்வு இடுதல் தீங்கற்றது. வெட்டாவிடினும் அந்நகர்வு விதிக்கு மாறாகித் தானே நீங்கிவிடும். இத்தகைய இடங்களைக் கண்டுகொள்பவனுக்கு ஆட்டத்தின் ஒரு பகுதி முழுதும் இலவசமாகின்றது.

கண்மூடி இடும் முன்னகர்வோ கேடு விளைப்பது. இதற்கு எடுத்துக்காட்டாக யாவரும் அறிந்த பொறியொன்று உண்டு. வெள்ளைக்காரர் அரசிக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகின்றார். கறுப்புக்காரர் அரசன் பக்கத்துக் குதிரைக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அது விட்டுச்சென்ற கட்டத்தில் மந்திரியை வைப்பதாக முன்னகர்வும் இட்டுவிடுகின்றார். அவர் எந்நாளும் ஆடும் தொடக்கம் அதுவே. எதிராளி என்ன செய்தாலென்ன என்பது அவர் எண்ணம். வெள்ளைக்காரர் தம் மந்திரியை நேரே கொண்டுசென்று, கறுப்பு மந்திரியின் வாயிலே வைப்பதுபோல, அம்மந்திரி வெட்டக்கூடிய விளிம்புக் கட்டத்தில் வைக்கின்றார். கண்விழித்திருப்பவன் அதனைச் சும்மா எடுத்துக்கொள்வான். முன்னகர்வு இட்டவரின் மந்திரியோ தான் குறித்த கட்டத்துக்குச் சென்று வெட்டுண்கின்றது. மூலையில் நிற்கும் யானைக்கும் தப்ப வழியில்லை. மூன்றாம் நகர்விலேயே ஆட்டம் போயிற்று. மரப்பலகையில் இதனைச் செய்பவனைப் பித்தன் என்பர். ஒரு நிமிட ஆட்டத்தில் இது தந்திரமாகின்றது.

இதன் மறுதலையாக, எதிராளி முன்னகர்வுகளை நம்பி ஆடுகின்றார் என்று தெரிந்தால் அவர் அரசனுக்குச் செக் வைத்தல் பயன்தரும். செக்குக்கு விடையளிக்காத நகர்வு விதிக்கு மாறாதலின், அவர் இட்டுவைத்தது கழிந்துபோகும். அவர் விழித்துப் புதிதாகக் காணவேண்டும். அதற்குள் ஒன்றிரண்டு விநாடி கரைந்துவிடும். பயனற்ற செக் வைப்பது நீண்ட ஆட்டத்திற் குற்றமாகக் கருதப்படும். ஈண்டு அதற்கு விலையுண்டு. ஒரே ஆட்டத்தின் விதிகள் மாறாதிருக்க, நேரம் மாறியதனால் மட்டும் நன்மை தீமைகள் இடம்மாறுவதை இங்கே காணலாம்.

விரைவை வளர்க்க விரும்புவோர் தொடக்கத்தையும் முடிவையும் பயிலுதல் வேண்டும் என்று இத்துறையில் வல்லோர் கூறுவர். அமெரிக்க வீரர் ஹிக்காரு நகமுராவும் புரூஸ் ஹார்ப்பரும் 2009இல் ஒரு நிமிட ஆட்டம் பற்றி ஒரு முழுநூலே எழுதியுள்ளனர். தொடக்கத்துக்கு, எதிராளி எவ்வாறு ஆடினும் பெரிதும் மாறாத ஓர் அமைப்பைத் தெரிந்துகொள்ளுதல் வழக்கம். அரசியின் காலாளை முன்வைத்து மந்திரியை வெளியே கொணரும் 'லண்டன்' அமைப்பும், மந்திரியைப் பக்கவாட்டிற் பதுக்கி அரசனைக் காப்புள் வைக்கும் அமைப்பும் இத்தகையன. பத்து நகர்வுகள் பத்து விநாடிக்குட் கடந்துவிடுதல் வேண்டும். நடுவாட்டத்தில் ஐந்து விநாடிக்கு மேல் ஒரு நகர்வில் தங்குவோர் பெரும்பாலும் பின்னர் வருந்துவர். சிறந்த நகர்வைத் தேடி நிற்பதினும், தீங்கற்ற நகர்வை உடனே ஆடுதல் மேல். காய்களைத் தனித்து விடாமல் ஒன்றையொன்று காக்குமாறு வைத்தால், காணாத தாக்குதலாலும் பெருஞ்சேதம் வராது. நேரத்தில் முந்தியிருப்பவர் நிலையைச் சிக்கலாக்குவர். நேரத்திற் பிந்தியவர் காய்களை மாற்றி எளிதாக்குவர். இவ்விரண்டுக்கும் இரு கடிகாரங்களையும் பார்க்கும் பழக்கம் வேண்டும். புதியோர் பலகையையே நோக்கி, தம் கொடி வீழ்ந்ததைத் திரை அறிவித்த பின்னரே அறிகின்றனர்.

முடிவாட்டமே பலர்க்கு இடறும் இடம். அரசனும் அரசியும் தனித்த அரசனை எந்நிலையிலிருந்தும் பத்து நகர்வுக்குள் மடக்க வல்லன. அரசனும் யானையும் பதினாறுக்குள். நகர்வுக்கு அரைவிநாடி என்றால் முன்னதற்கு ஐந்து விநாடியும் பின்னதற்கு எட்டு விநாடியும் போதும். இதனை நூறுமுறை தனியே பயின்றவனுக்குப் பத்து விநாடி எஞ்சியிருந்தால் அச்சமில்லை. பயிலாதவனுக்கு ஒரு நிமிடமும் போதாது. எதிர் அரசனுக்குக் குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் அரசியை வைத்து, அவ்வரசன் நகருந்தோறும் அரசியும் அவ்வாறே நகர, அவன் விளிம்புக்குத் தானே தள்ளப்படுவான். மூலையை அவன் அடைந்ததும் இம்முறையை நிறுத்துதல் வேண்டும். நிறுத்தாது முன்னகர்வால் ஒரு நகர்வு மிகையாக ஆடிவிட்டால், செக் இல்லாமலே அவனுக்குச் செல்லிடம் இன்றிப்போய் ஆட்டம் சமநிலையில் முடியும். வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு அரைப்புள்ளி பெற்று நிற்பவர்களை இணையத்திற் பெரிதும் காணலாம்.

தோற்கும் பக்கத்தாருக்கும் ஓர் உபாயம் உண்டு. நேரம் முடிந்தவன் தோற்றான் என்பது பொதுவிதியே. ஆயின் எதிராளியிடம் தனித்த அரசனன்றி வேறெதுவும் இல்லையாயின், அவனால் ஒருபோதும் மடக்க இயலாதாகலின் அது சமநிலையாகும். எனவே தம் கொடி வீழப்போவதை அறிந்தவர், எதிராளியின் கடைசிக் காலாளைத் தம் யானையையேனும் கொடுத்து வெட்டிவிடுதல் நன்று.

இங்கேதான் அறம் பற்றிய வினா எழுகின்றது. தெளிவாகத் தோற்ற நிலையில் இருப்பவர், அரசனை முன்னும் பின்னும் பொருளின்றி நகர்த்தி, எதிராளியின் கடைசி விநாடிகளைக் கரைத்து வெல்வது முறையா? முறையன்று என்போர், சதுரங்கத்திற் பலகையே தீர்ப்பளிக்க வேண்டும் என்பர். முறையே என்போர், அறுபது விநாடியும் அரசன், அரசிபோல ஆட்டத்தின் ஒரு காயே என்பர். அதனை வீணே செலவிட்டவன் காயை இழந்தவனே. இருவரும் ஒரே நேர அளவை ஏற்றே ஆடத் தொடங்கினராதலாற் பின்னவர் கூற்றே வலியுடையது. விரும்பாதோர்க்குக் கூட்டுநேரமுள்ள ஆட்டம் திறந்தே இருக்கின்றது.

எனினும் கடிகாரம் இருவர்க்கும் ஒரே தன்மையாக ஓடுகின்றதா என்பது வேறு வினா. இலங்கையிலிருந்து ஆடுபவர் ஒருவரின் நகர்வு ஐரோப்பாவிலுள்ள சேவையகத்துக்குச் சென்று மீளவேண்டும். கொழும்புக்கும் பாரிஸ் நகருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு 2,00,000 கிலோமீற்றரளவில் செல்கின்றது. போய்மீளும் 17,000 கிலோமீற்றருக்கு, வேறு தடையெதுவும் இல்லையாயினும், 0.085 விநாடி ஆகும். கடலடி வடம் நேர்கோட்டிற் செல்வதன்று, இடைக்கருவிகளும் பல. ஆகவே உண்மைத் தாமதம் இதனினும் மிகும். ஐந்திலொரு விநாடி என்று கொண்டால், ஐம்பது நகர்வில் பத்து விநாடி. நிமிடத்தில் ஆறிலொரு பங்கு கடலிலே கழிகின்றது. இக்குறை தொடக்கத்திலேயே உணரப்பட்டது. பழைய சேவையகங்கள் ஆட்டக்காரனது கணினியிலேயே நேரத்தைக் குறித்து அனுப்பும் செயலிகளை வழங்கின. இன்றைய தளங்கள் தாமதத்தை அளந்து, ஓரெல்லைக்கு உட்பட்டுத் திருப்பித் தருகின்றன. எல்லைக்கு மேற்பட்டதற்கு ஈடில்லை.

தாமதமன்றி இணைப்பே அறுந்துபோனால் நிகழ்வது என்ன என்பதற்கு 2020ஆம் ஆண்டு சான்றாக உள்ளது. பெருந்தொற்றினால் நாடுகளின் ஒலிம்பியாட் போட்டி அவ்வாண்டு இணையத்தில் நடைபெற்றது. ஆளுக்குப் பதினைந்து நிமிடமும் நகர்வுக்கு ஐந்து விநாடியும் அளிக்கப்பட்டன. புல்லட்டோடு ஒப்பிடுகையில் அது நீண்ட ஆட்டமே. ஆவணி 30ஆந் திகதி இந்தியாவும் ருஷியாவும் பொருத இறுதிச் சுற்றில், உலகின் பல பகுதிகளில் நேர்ந்த இணையத் தடையினால் இந்திய வீரர் இருவர் தொடர்பிழந்து, நேரம் முடிந்து தோற்றனர். இந்தியா முறையிட, ஈற்றில் இரு நாடுகளுக்கும் தங்கப்பதக்கம் வழங்கப்பட்டது. அத்தீர்ப்பைப் பெருந்தன்மை என்றாரும் உளர். விதிமீறல் என்றாரும் உளர்.

விரைவாட்டம் ஆட்டத்திறனை வளர்க்குமா என்பதே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் முதன்மையான வினா. உலக வீரராயிருந்த பொட்வின்னிக் விரைவாட்டத்தை விலக்கி வைத்தவர். அவர் வழியினர் அதனை ஆழமற்றது என்றனர். மறுபுறத்தில், சென்னையிற் சோவியத்துப் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய தால் சதுரங்கக் கழகத்திற் சிறுவனாக ஐந்து நிமிட ஆட்டங்களை ஆடி வளர்ந்தவர் விசுவநாதன் ஆனந்த். அங்கே தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குச் செல்லவேண்டும். வென்றவன் இருக்கையிலே இருப்பான். இருக்கையை விடாதிருக்கும் ஆசையே அவர்க்கு நல்லாசிரியனாயிற்று எனலாம். 2012இல் மொஸ்கோவில் கெல்பாண்டோடு நீண்ட ஆட்டங்கள் ஆறுக்கு ஆறு என நின்றபொழுது, விரைவாட்டத்தில் இரண்டரைக்கு ஒன்றரை என்று வென்று அவர் உலகப் பட்டத்தைக் காத்தார். அதன்பின் 2016, 2018, 2023ஆம் ஆண்டுகளிலும் உலகப் பட்டம் விரைவாட்டத்திலேயே தீர்ந்தது. இனி விரைவை விளையாட்டென ஒதுக்குதல் யார்க்கும் இயலாது. ஆயினும் 2024இற் சிங்கப்பூரில், அதே சென்னை நகரத்துக் குகேஷ் பதினான்காம் நீண்ட ஆட்டத்தில் வென்று, விரைவாட்டத்துக்குச் செல்லாமலே பட்டம் பெற்றமையையும் மறத்தலாகாது.

இவ்விடத்து ஓர் ஆராய்ச்சி துணையாகின்றது. 2004இல் புரூஸ் பேர்ன்ஸ் என்னும் உளவியலாளர் மின்னலாட்டப் போட்டிகளின் பெறுபேறுகளை ஆராய்ந்தார். வழக்கமான நேரத்தின் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவாகவே அளிக்கப்பட்டபொழுதும், வீரரிடையே உள்ள திறன் வேறுபாட்டின் பெரும்பகுதி, நூற்றுக்கு 81 பங்கு வரை, அவ்விரைவாட்டத்திலேயே வெளிப்பட்டது என அவர் கண்டார். இளைஞர் இதனைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுதல் கூடும். ஆயின் இது கூறுவது, திறனுள்ளவன் விரைவிலும் திறனுள்ளவனாகவே இருக்கிறான் என்பதே. விரைந்து ஆடுதலால் திறன் பிறக்கும் என்பதன்று. வெப்பமானி காய்ச்சலை அளக்கும்; காய்ச்சலை உண்டாக்குவதுமில்லை, தணிப்பதுமில்லை. சேர்க்கைகளை வாசிக்கும் பழக்கம் நிதானமான ஆட்டத்திலும், தவறுகளைத் திருப்பிப் பார்ப்பதிலும், முடிவாட்டப் பயிற்சியிலும் சேமிக்கப்படுகின்றது. புல்லட் ஆட்டத்தில் அது செலவாகின்றது. சேமிப்பின்றிச் செலவழிப்பவன் ஒரே தவறை ஒரே இரவில் முப்பது முறை செய்து, அத்தவறையே பழக்கமாக்கிக்கொள்கின்றான்.

முப்பது என்பது மிகைக்கூற்றன்று. ஆட்டமொன்றுக்கு இரண்டு நிமிடமாயின் ஒரு மணி நேரத்தில் முப்பது ஆட்டம் அடங்கும். ஆட்டம் முடிந்த கணமே அடுத்ததற்கான பொத்தான் திரையில் நிற்கின்றது. தோல்வியாற் குறைந்த புள்ளியும் அதனருகே தெரிகின்றது. இழந்ததை மீட்கும் ஆசை சூதாடியின் ஆசையினின்று வேறானதன்று. சினத்தோடு ஆடும் நாலாவது ஆட்டம் முதலாவதினும் மோசமாகவே அமையும். இதனை உணர்ந்த ஆட்டக்காரர், தொடர்ந்து இரண்டு மூன்று தோற்றால் அன்றைக்கு நிறுத்துவது என்று தமக்குத் தாமே விதி வைத்துக்கொள்கின்றனர். லிசெஸ் தளத்தில் எந்த ஆட்டத்தையும் கணினியைக்கொண்டு இலவசமாக ஆராய்ந்து பார்க்கலாம். இருபது ஆட்டத்துக்குப் பதில் ஐந்து ஆடி, அவற்றுள் ஒன்றன் தொடக்கத்தை மட்டும் பத்து நிமிடம் திருப்பிப் பார்ப்பவன், நான்கைந்து கிழமைக்குள் தன் முதற் பத்து நகர்வுகளிற் செலவாகும் விநாடிகள் குறைவதைக் கடிகாரத்திலேயே காண்பான்.

நேர அளவைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். ஒரு நிமிடம் மட்டும் கொண்ட ஆட்டத்தின் கடைசிப் பத்து விநாடி பெரும்பாலும் விரலோட்டமே. இரண்டு நிமிடமும் நகர்வுக்கு ஒரு விநாடியும் என்னும் அளவு, முற்கூறிய சூத்திரத்தின்படி 160 விநாடியாகிப் புல்லட் வகையினுள்ளேயே அடங்குகின்றது. அதில் ஒவ்வொரு நகர்விலும் ஒரு விநாடி மீள்வதால், யானையும் அரசனும் கொண்டு தனியரசனை மடக்கும் பதினாறு நகர்வுகளையும் கொடிக்கு அஞ்சாது ஆடி முடிக்கலாம். தூரநாட்டுத் தாமதத்தின் பெரும்பகுதிக்கும் அவ்விநாடி ஈடாகின்றது. கல்லூரிக் கழகங்களிற் புதிதாகப் பயில்வோர்க்கு அவ்வளவையே கொடுத்துத் தொடங்குதல் பொருத்தமாகும்.